சேதுலட்சுமி குப்புறப் படுத்த கதை

முதுகுளத்தூரில் பஸ் ஏறும்போது சேதுலட்சுமியைப் பார்த்தாலே கண்டக்டர் கொஞ்சம் உஷாராகிவிடுவார். மிளகாய் மூட்டைக்கும் டிக்கெட் உண்டு என்று அவர் சொன்னால், அப்படியானால் மூட்டைக்கு ஒரு சீட்டைக் காட்டு என்பாள். வயது ஐம்பத்திரண்டு. திருவாடானைப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே பெற்றவள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு நாள்கூடப் படுத்ததில்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் பெருமையடிப்பாள். அந்தப் பெருமை 2021 மே மாதத்தோடு போயிற்று.

கொரோனா இரண்டாம் அலையில் முதலில் விழுந்தது அவள் புருஷன் இருளாண்டி. நான்காம் நாள் இவளும் விழுந்தாள். ஒரே ஆம்புலன்ஸில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, அவரை மாடியில் ஆண்கள் வார்டிலும் இவளைக் கீழே பெண்கள் வார்டிலும் சேர்த்தார்கள்.

சேதுலட்சுமிக்கு முகமூடி வழியாக ஆக்ஸிஜன் போயும், ரத்தத்தில் அதன் அளவைக் காட்ட விரலில் மாட்டிய கருவி எண்பத்தாறைத் தாண்டவில்லை. குறைந்தது தொண்ணூற்றிரண்டு காட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் ஏறாவிட்டால் தொண்டைக்குள் குழாய் விட்டு மெஷினில் போட வேண்டிவரும், அதற்கு முன்னால் குப்புறப் படுக்கவைத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மல்லாந்தே கிடந்தால் நுரையீரலின் முதுகுப்பக்கம் அமுங்கி அங்கே காற்றுப் போகாது, கவிழ்ந்தால் விரியும் என்று நர்ஸ் உமாமகேஸ்வரி விளக்கினாள். சேதுலட்சுமிக்கு அது புரியாமலில்லை. களத்தில் காயப்போட்ட மிளகாய் வத்தலைப் புரட்டிப் போடாவிட்டால் அடிப்பக்கம் என்னவாகும் என்று தெரிந்தவள்தானே.

படுத்தாள். ஐந்தே நிமிஷத்தில் புரண்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். கழுத்தில் கிடந்த தாலியும் அதோடு கோத்த குண்டுகளும் நெஞ்செலும்பில் குத்தின. ஏற்கெனவே மூச்சுக்கு அடித்துக்கொள்கிற நெஞ்சு, அதையும் எங்கே தாங்கும்?

கழற்றித் தாருங்கள், மணிக்கட்டில் கட்டிவிடுகிறேன் என்று உமாமகேஸ்வரி சாதாரணமாகத்தான் சொன்னாள். அவ்வளவுதான், சேதுலட்சுமி தாலியைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். மாடியில் புருஷன் இதே நோயில் கிடக்கும்போது தாலியைக் கழற்றுவதா? கழற்றுகிற நிமிஷம் பார்த்து அவருக்கு ஒன்று ஆகிவிட்டால்? பேச மூச்சில்லை. செத்தாலும் இதோடு சாகிறேன் என்று சைகையிலேயே சொன்னாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த மாதம் அந்த வார்டில் தினமும் ஏதாவது ஒரு கட்டில் காலியாகிக்கொண்டிருந்தது. பயந்து கிடக்கிறவளிடம் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது? எண் எண்பத்து நாலுக்கு இறங்கியது.

உமாமகேஸ்வரி கெஞ்சிப் பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள். கடைசியில் இருளாண்டியின் ஃபோனுக்கே அடித்து விஷயத்தைச் சொல்லி, நீங்களாவது கழற்றச் சொல்லுங்கள் என்று ஸ்பீக்கரில் போட்டாள். இருளாண்டி பொதுவாகவே பேச்சில் கஞ்சன். இப்போது மூச்சும் இரைத்தது.

"ஏ சேது," என்றார். "பழம் பறிக்கையில... அத எங்கன... போட்டுக்கிருவ?"

சேதுலட்சுமி திகைத்துப்போனாள். செடியிலேயே சிவந்த மிளகாயைத்தான் அங்கே பழம் என்பார்கள். குனிந்து பறிக்கும்போது செடியில் மாட்டாமலிருக்கத் தாலியைக் கயிற்றோடு சுற்றி முதுகுப்பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வாள். கை தன்னால் செய்கிற வேலை அது. மூச்சுத் திணறலில் புத்திக்கு எட்டவில்லை. சாக்கைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நிற்கிற இந்த மனுஷன் இதையெல்லாமா பார்த்துக்கொண்டிருந்தார்? இத்தனை வருஷத்தில் ஒரு சேலையை நன்றாயிருக்கிறது என்று சொன்னவரில்லையே. தாலியைப் பொத்தியிருந்த கையை விரித்தாள்.

உமாமகேஸ்வரி தாலியை முதுகுப்பக்கம் கொண்டுபோய், நழுவாமல் ஒரு பிளாஸ்திரியும் ஒட்டிவிட்டாள். சேதுலட்சுமி கவிழ்ந்து படுத்தாள். இரண்டு மணி நேரம் குப்புற, பிறகு ஒருக்களித்து, பிறகு உட்கார்ந்து, மறுபடியும் குப்புற. எண் எண்பத்தேழு, எண்பத்தொன்பது என்று அடம்பிடித்து ஏறியது. டாக்டர் சாயங்காலம் வந்தபோது தொண்ணூற்றிரண்டு. குழாய்ப் பேச்சே எழவில்லை. எல்லோருக்கும் இப்படிக் கூடிவந்துவிடவில்லை. இவளுக்குக் கூடிவந்தது.

அதற்குப் பிறகுதான் மாடியில் இருளாண்டிக்கு மோசமாயிற்று. தொந்தியை வைத்துக்கொண்டு குப்புறப் படுக்க முடியாது என்று ஒரு நாள் முழுக்க அடம்பிடித்தார். தொந்தி அமுங்காமல் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தலையணை வைக்கச் சொல்லி, இவள் கீழேயிருந்து ஃபோனில் திட்டித் திட்டியே அவரைக் கவிழ்த்தாள். மணிக்கொரு தரம் கூப்பிட்டு எண் என்னவென்று கேட்டாள். பயத்தில் தூக்கமே பிடிக்கவில்லை அவளுக்கு.

பன்னிரண்டாம் நாள் அவளை வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மாடிக்குப் போகாமல் இந்த இடத்தைவிட்டு நகரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். உமாமகேஸ்வரிதான் டாக்டரிடம் கேட்டு அவளை மேலே கூட்டிப்போனாள்.

இருளாண்டி கவிழ்ந்து கிடந்தார். இளைத்துப் போயிருந்தார். கருவியில் தொண்ணூற்று மூன்று. சேதுலட்சுமி அவர் முதுகில் கையை வைத்தாள்.

"சேதுவா?" என்று தலையணைக்குள்ளிருந்து கேட்டுக்கொண்டே அவர் புரளப் பார்த்தார்.

அவள் விடவில்லை, முதுகை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"திரும்பாதீக. இன்னும் முக்கா மணி நேரம் கெடக்கு," என்றாள். "நான் இங்கனதான் இருக்கேன்."