விற்றமின் போத்தல்

சண்டைக் காலத்தில் எங்கள் ஊர்ச்சனத்தின் நோய் வருத்தங்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. நான் டொக்டர் இல்லை. மூதூருக்குப் பக்கத்தில் கட்டைபறிச்சானில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். திருகோணமலையில் மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகில் ஏறுவதற்கு முன் வரிசையில் நின்று பையை ஆமிக்காரரின் சோதனை மேசையில் கொட்டிக் காட்ட வேண்டும். மருந்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. டொக்டர் எழுதித் தந்த கிளினிக் கொப்பியைக் காட்டினால் ஒரு மாதக் குளிசையை விடுவார்கள். அதனால் யாருக்குச் சீனி வருத்தம், யாருக்குப் பிறஷர், யாருக்கு மூச்சிழுக்கும் முட்டு என்று வரிசைக்கே தெரிந்துவிடும். மூல வருத்தத்தைக்கூட ஆட்கள் கூச்சமில்லாமல் உரத்துச் சொன்னார்கள். ஆனால் மனதில் வருத்தம் என்று அந்த மேசையில் ஒருவர் வாயாலும் நான் கேட்டதில்லை. இவ்வளவு ஷெல் விழுந்த ஊரில் அது எப்படி என்று யோசித்துப் பார்ப்பேன். யோசிக்கும்போது என் பைக்குள் விற்றமின் போத்தல் ஒன்று இருக்கும்.

அதற்குள் இருந்தது விற்றமின் இல்லை. என் அண்ணாவின் குளிசை.

அண்ணா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒருநாள் வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார். நித்திரை இல்லை, குளிப்பில்லை. வேலிக்கு வெளியே போவதும் நின்றது. ஊரிலே ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ஆழக் கடலுக்கு மேலே உயரத்தில் தனியே இருந்தவரை ஏதோ பிடித்துவிட்டதாம். பார்வை பார்க்க வந்தவர் இரண்டு கையிலும் நூல் கட்டிவிட்டுப் போனார். கலியாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று மாமா சொன்னார். அந்தப் பெண்பிள்ளை என்ன பாவம் செய்தாள் என்று கேட்டதற்கு அவர் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை.

கடைசியில், காய்ச்சல் என்று ஊருக்குச் சொல்லி, அண்ணாவை நானே திருகோணமலைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாதத்தில் ஒருநாள் வெளியூரிலிருந்து ஒரு டொக்டர் வருவார். அவர் அண்ணாவோடு தனியே நெடுநேரம் கதைத்தார். பிறகு நான் அவரைத் துளைத்தெடுத்தேன். சண்டையால் வந்ததா? தனிமையாலா? நாங்கள் ஏதும் பிழை விட்டோமா?

"சண்டை இல்லாத ஊரிலயும் இது வருது பிள்ளை. ஒருத்தரும் செய்த குற்றமில்லை. குளிசையை மட்டும் நிப்பாட்டிப்போடாதையுங்கோ" என்றார்.

குளிசை வேலை செய்தது. மூன்றாம் மாதம் அண்ணா தானாகவே கிணற்றடிக்குப் போய்க் குளித்தார். அம்மா குசினிக்குள் நின்று அழுதார். ஆனாலும் பைத்தியத்துக்குக் கொடுக்கும் விசர்க் குளிசை என்று தெரிந்தால் அண்ணாவின் மனம் உடைந்துவிடும், ஊருக்குத் தெரிந்தால் எனக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்பது அம்மாவின் முடிவு. நானும் மறுக்கவில்லை. விற்றமினுக்குக் கொப்பி கேட்பது குறைவு. மாதாமாதம் குளிசையை விற்றமின் போத்தலுக்குள் கொட்டுவேன். கிளினிக் கொப்பியைத் திருகோணமலையில் இருந்த பெரியம்மா வீட்டு அலுமாரியில் பூட்டிவிட்டு லோஞ்சுக்கு வருவேன். அண்ணாவிடமும் விற்றமின் என்றுதான் சொன்னோம்.

சில மாதங்கள் பிழைத்தோம். பிறகொரு நாள் சிப்பாய் போத்தலின் மூடியைத் திறந்தான். உள்ளே இரண்டு நிறத்தில் குளிசைகள்.

"இது என்ன?"

"விற்றமின்."

"கொப்பி?"

எனக்குப் பின்னால் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் நின்றார். கையில் சீனி வருத்தக் கொப்பி. அவருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஓடிப்போய்க் கொப்பியை எடுத்து வந்திருக்கலாம். அவர் முன்னால் அதை விரிக்க என்னால் ஏலவில்லை. சிப்பாய் போத்தலைப் பறிமுதல் பெட்டிக்குள் போட்டான். நான் பேசாமல் லோஞ்சில் ஏறிவிட்டேன். இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

"விற்றமினையும் பறிச்சுப்போட்டாங்களே ரீச்சர்! இனிக் கீரையைச் சாப்பிடுங்கோ" என்று அந்த அக்கா சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணாவைக் கண்டதும் அழுகை வந்துவிட்டது.

"போத்தலைப் பறிச்சுப்போட்டாங்கள் அண்ணா."

"விற்றமினுக்கோ இந்த அழுகை?"

"அது விற்றமின் இல்லை."

"தெரியும். டொக்டர் எனக்குத்தானே முதல் சொன்னவர். நீங்கள் ரெண்டு பேரும் கஷ்டப்பட்டு மறைச்சியள். அதை ஏன் குழப்புவான் எண்டு பேசாமல் இருந்தனான்."

குசினிக்குள் தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"குளிசை இல்லாட்டி அந்தக் குரல் திரும்பி வரும். எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் அண்ணா. "அடுத்த லோஞ்சுக்கு நானும் வாறன்."

"சனம் பாக்குமெல்லோ!" என்று அம்மா ஓடி வந்தார்.

"பாக்கட்டும் அம்மா. அந்தக் குரலைவிட சனம் என்ன பெரிசாச் சொல்லிப்போடும்?"

பெரியம்மா வீட்டில் கொப்பியை எடுத்து, கிளினிக்கில் காட்டி மருந்து வாங்கினோம். திரும்பும்போது வரிசையில் எங்கள் ஊரார் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். இரத்தம் சோதித்த முடிவு எடுக்க வந்திருந்த அதே அக்காவும் நின்றார். சிப்பாய் கொப்பியை விரித்து, என்ன வருத்தம் என்று கேட்டான். என் வாய் பழக்கத்தில் ஏதோ பொய்யைத் தேடியது. அண்ணா முந்திக்கொண்டு, துறைமுகத்தில் பழகிய சிங்களத்தில் பதில் சொன்னார். பின்னால் கழுத்தை நீட்டி நின்றவர்களைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்.

"மன வருத்தம். காதுக்குள்ள குரல் கேக்கும். இந்தக் குளிசை குடிச்சால் கேக்காது."

சிப்பாய் குளிசைகளை எண்ணிப் பார்த்துவிட்டுக் கொப்பியைத் திருப்பித் தந்தான். அடுத்த ஆளைக் கூப்பிட்டான். இவ்வளவுதானா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

லோஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. நாங்கள் இருந்த நீள வாங்கு பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது. அண்ணா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூதூர்க் கரை தெரியத் தொடங்கியபோது அந்த அக்கா எழும்பி வந்து அண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்தார். கீரைக் கதை வரப்போகிறது என்று நினைத்தேன்.

"தம்பி, இந்தக் குளிசை எழுதித் தந்த டொக்டர் எந்தக் கிழமை வாறவர்?" என்று மெல்லக் கேட்டார்.

யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. ஊர் வருத்தமெல்லாம் தெரிந்த நானும் கேட்கவில்லை. அண்ணா தன் கொப்பியின் கடைசித் தாளைக் கிழித்து, நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுத்தார். அக்கா அதை நாலாக மடித்துத் தன் சீனி வருத்தக் கொப்பிக்குள் ஒளித்து வைத்தார்.