தொட்டியில் இறக்கிய வெட்டிவேர்

எங்க தெருவுக்குத் தண்ணி தர்ற தரைத்தொட்டியோட சாவி எங்கிட்டதான் இருந்தது. வாரம் ஒரு தடவை பிளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்துறது என் வேலை. யாரும் கொடுக்கல, நானா எடுத்துக்கிட்டேன். கையெழுத்துப் போடுற அளவுதான் படிப்பு. ஆனா என் கை பட்ட தண்ணியை ஒருத்தரும் குறை சொன்னதில்ல.

அந்த மருந்து வாடைதான் எனக்கு ஆகாது. எங்க அம்மா வீட்டுல பானையில வெட்டிவேர் போடுவாக. பானைக்கு ஒரு பிடின்னா தொட்டிக்கு எவ்வளவுன்னு நானே பார்த்து, பெரிய கட்டா நாலு கட்டி, கல்லோட உள்ளே இறக்கினேன். தண்ணி மணத்துச்சு. "அத்தை கைராசி"ன்னாக. வேரைப் பத்தி நான் மூச்சு விடல. கைராசியாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

பானையில போட்டதை நாலு நாள்ல எடுத்துக் காயவைக்கணும். தொட்டியில கிடந்ததை மாசக்கணக்கா மறந்துபோனேன். தண்ணி ஒரு மாதிரி நாறுச்சு.

நாத்தத்தைக் கேள்விப்பட்டு, ஆராய்ச்சி பண்ற பொண்ணு ஒண்ணு வந்து பாட்டில்ல தண்ணி பிடிச்சுது. சுத்தி நின்ன மரத்துல இலை பறிச்சுது. தொட்டிச் சுவரை ஒட்டி பக்கத்து வீட்டுக்காரன் மாட்டுக்குச் சோளத்தட்டையை அடுக்கிப் படப்பு போட்டிருந்தான். அதுலயும் ரெண்டு உருவிக்கிச்சு.

"செடி அழுகுன சத்தோட பிளீச்சிங் சேர்ந்தா ஆகாத ஒண்ணு உண்டாகும் பாட்டி. அதுல உள்ள கரியில, அதான் கார்பன்ல, கனமானது, லேசானதுன்னு ரெண்டு இருக்கு. மரத்துக்கு ஒரு விகிதம், சோளம் மாதிரிப் புல்லுக்கு வேற. எதுலேர்ந்து வந்துச்சுன்னு அதை வச்சுப் பார்க்கலாம்."

வெட்டிவேரும் புல்லோட வேருதானே. மறுநாள் விடியுமுன்ன வேர்க்கட்டையெல்லாம் வெளியே இழுத்தேன். கொழகொழன்னு கையில வழுக்குச்சு. காயவச்சு வெந்நீர் அடுப்புல போட்டேன்.

சில வாரம் கழிச்சு வந்து, "புல் வகைதான்"னுச்சு அந்தப் பொண்ணு. "எந்தப் புல்லுன்னு இதுல தெரியாது"ன்னும் சொல்லுச்சு. அதை யாரு கேட்டா? தெருவே படப்பைப் பார்த்துச்சு. நானும் பார்த்தேன்.

படப்பை எடுக்கணும்னாக. வேற இடம் இல்லாதவன் தீவனத்தை எங்க வைப்பான்? ரெண்டு பசுவையும் விக்கிறதுன்னு ஆச்சு. தரகன் வர்ற அன்னிக்குக் காலையில, தொட்டிப் பக்கம் எல்லாரும் குடத்தோட நிக்கையில சொல்லிட்டேன். "படப்பு இல்லப்பா. நான்தான் வெட்டிவேர் போட்டேன்."

எதிர்வீட்டு வாத்தியார் சிரிச்சார். "அத்தை, உங்களுக்குப் பெரிய மனசுதான். அதுக்காகப் பொய் சொல்லாதீக."

"வெட்டிவேரா? நன்னாரி சர்பத்தும் ஊத்தினேன்னு சொல்லுங்க!" இது ஒருத்தி.

"சத்தியமாச் சொல்றேன்டி."

"எங்க, அந்த வேரைக் காட்டுங்க பாப்போம்."

"எரிச்சுட்டேன்."

குடத்தை இடுப்புல வச்சுக்கிட்டே சிரிச்சாக. இத்தனை வருசமா நான் தப்பே பண்ணாதவள்னு நானே சொல்லிச் சொல்லி நம்ப வச்சவ. இப்ப எப்படி நம்புவாக?

மாடு போயிருச்சு. சாயந்திரம் படப்புக்காரன் பொண்டாட்டி என் வீட்டுக்கு வந்தா. கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு.

"எங்களுக்காகப் பழியை உங்க தலையில போட்டுக்கிட்டீகளே அத்தை. பெத்தவ கூடச் செய்யமாட்டா."

"இல்லடி, நெசமாவே..."

"போதும் அத்தை, சும்மா இருங்க"ன்னு குனிஞ்சு என் காலைத் தொட வந்தா. பின்னால நகர்ந்தேன். முதுகுல சுவரு இடிச்சுச்சு.