மாமனார் வண்டியில் ஒரு டொக்

எனக்கு இருக்கும் இரண்டு காதுகளும் கெட்ட செய்திக்காகவே படைக்கப்பட்டவை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அடுத்த பையனைக் கூப்பிட்டாலும் எனக்கு வேர்த்துவிடும். அந்த வேர்வையிலேயே இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்படிப்பட்டவனிடம் மாமனார் தம் வண்டியைக் கொடுத்தார் என்றால் அவருக்கும் வேறு வழி இருந்திருக்காது.

மலைமேல் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. கம்பம் பள்ளத்தாக்கில் சக்கரம் வைத்த எதுவும் சும்மா கிடக்கவில்லை. கூடலூரிலிருந்து என் மாமனாரின் வண்டியும் குமுளிக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போய்க்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போன என் மனைவியை மூன்றாம் மாதமே அனுப்பியிருக்க வேண்டும். பிள்ளைக்கு ஐந்து மாதமாகியும் அனுப்பவில்லை. கேட்டால் நாள் சரியில்லை என்பார், பிள்ளைக்குச் சளி என்பார். உண்மைக் காரணத்தை, வண்டிக்காரனுக்குக் காய்ச்சல் கண்ட அன்றுதான் வாய்விட்டுச் சொன்னார்.

“மாப்ளே, தன் நெழலப் பாத்தே ஒதுங்கிப் போற ஆளு நீங்க. ஒங்கள நம்பிப் பச்சப்பிள்ளய எப்படிக் குடுத்தனுப்ப? இந்த மூட்டையக் குமுளியில எறக்கிட்டு, வண்டியப் பழுதில்லாமக் கொண்டாந்து நிறுத்துங்க. மறுநாளே ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க.”

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

விடியற்காலையில் எல்லாவற்றையும் இரண்டு தடவை சோதித்தேன். கடையாணியை ஆட்டிப் பார்த்தேன். மாட்டுக் காலைத் தூக்கி லாடம் பார்த்தேன். அச்சுக்குப் போடும் மை, மூங்கில் குழாயில் வண்டிக்கடியில் தொங்கும். அது வழியில் விழுந்துவிடக் கூடாதே என்று இழுத்து இன்னொரு முடிச்சும் போட்டேன்.

ஊர் தாண்டியதும் ஆரம்பித்தது. டொக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. டொக், டொக். வண்டியை நிறுத்தினேன், சத்தமும் நின்றது. இறங்கிச் சுற்றி வந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஏறி ஓட்டினேன், டொக்.

மலையடிவாரத்தில் ஒரு தச்சரும் ஒரு கொல்லரும் அடுத்தடுத்துப் பட்டறை வைத்திருந்தார்கள். தச்சர் சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இரும்புப் பட்டை தளந்துபோச்சு. கொல்லன் வேலை எப்பவும் இப்படித்தான்” என்றார். கொல்லர் உட்கார்ந்த இடத்திலிருந்தே, “பட்டை அங்கன கிடக்கட்டும். ஆரக்கால் ஆடுது. பச்ச மரத்த இழைச்சு மாட்டுனா ஆடாம என்ன செய்யும்?” என்றார். அவர்களுக்குள் ரொம்ப நாளாக நடந்துவந்த வழக்கில் என் வண்டி சாட்சிக் கூண்டில் நின்றது. மை போடு என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். குழாயை அவிழ்த்தேன், இரண்டு சக்கரத்துக்கும் போட்டேன், பழையபடியே கட்டினேன், கிளம்பினேன். டொக்.

தன் மாட்டுக்குச் சலங்கை இல்லாததால் என் சலங்கையை நம்பி, எனக்குப் பின்னால் சுண்ணாம்பு ஏற்றி வந்த வண்டிக்காரர், “அண்ணே, அது முனி ஏறியிருக்கும். கண்டுக்கிறாம ஓட்டுங்க” என்று தைரியம் சொன்னார். அதுவரை எனக்கு அச்சைப் பற்றிய பயம் மட்டும்தான் இருந்தது.

சத்தத்தைச் சரியாகக் கேட்டால்தானே இடம் தெரியும்? மாட்டுச் சலங்கை குறுக்கே கேட்டது. ஒவ்வொரு மணிக்குள்ளும் வைக்கோலைத் திணித்தேன். அந்த மலைப்பாதையில் எதிரெதிரே வரும் இரண்டு வண்டி ஒன்றையொன்று தாண்ட முடியாது. கீழேயிருந்து சலங்கை கேட்டால், மேலேயிருந்து காலியாக இறங்குகிற வண்டி அகலமான இடத்தில் ஒதுங்கி நிற்கும். உலகத்திலுள்ள அத்தனை ஆபத்தையும் நினைத்து வைத்திருந்த எனக்கு, இது மட்டும் நினைவுக்கு வரவில்லை.

ஒரு வளைவில், சக்கரத்துப் பக்கம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனவன் நிமிர்ந்தேன். என் மாட்டு மூக்குக்கு நேரே வேறு இரண்டு மாட்டு மூக்கு.

“ஏலே! சலங்கை எங்கன?” என்று எதிர்வண்டிக்காரர் குதித்தார்.

“இருக்கு. வைக்கோல் அடைச்சிருக்கேன்.”

“எதுக்கு?”

“வண்டியில ஒரு சத்தம் கேக்குது. அதக் கேக்குறதுக்கு.”

அவர் சுண்ணாம்பு வண்டிக்காரரைப் பார்த்தார். “இவரு சத்தம் கேக்குறதுக்கு நாம பள்ளத்துல விழுகணுமாக்கும். இது கூடலூர்ப் பெரியவர் வண்டியில்ல?”

“எங்க மாமா வண்டிதான்.”

“அப்ப அவர்ட்டதான் சொல்லணும்.”

வெளிச்சக்கரத்துக்கும் பள்ளத்துக்கும் நாலு விரல்தான் இருந்தது. எனக்கு அரிசி நினைவுக்கு வரவில்லை. பிள்ளையின் முகம்தான் வந்தது. பாரவண்டி பின்னால் உருளாமலிருக்க எதிர்வண்டிக்காரர் குனிந்து சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். நிமிரும்போது தலையில் மைக்குழாய் இடித்தது. குழாய் ஆடிப்போய் அச்சில் மோதியது. டொக்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

“இத இம்புட்டுக் குட்டையாக் கட்டுன மகராசன் யாரு?” என்றார் தலையைத் தேய்த்துக்கொண்டே. நான் மலையைப் பார்த்தேன்.

காலி வண்டியை மூவரும் மேலே தள்ளி ஒதுக்கினோம். சலங்கையிலிருந்து வைக்கோலைப் பிடுங்கினேன். குமுளியில் மூட்டையை இறக்கிவிட்டு மறுநாள் கூடலூர் திரும்பினேன். எனக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. மாமனார் தெருவில் நின்றார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, “என்ன நடந்துச்சு?” என்றார். அவ்வளவுதான், அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். சக்கரம் பாறையில் உரசியது, ஒரு மூட்டையில் தையல் விட்டது, வலத்து மாடு இரண்டு தடவை தும்மியது வரை ஒன்றையும் விடவில்லை.

எல்லாவற்றையும் கேட்டவர், “பயந்தாங்கொள்ளின்னு நெனச்சு அஞ்சு மாசம் வச்சுக்கிட்டேன். சலங்கைய அடைச்சுக்கிட்டு மலையேறுற துணிச்சல் இந்தச் சீமையில எவனுக்கும் கெடையாது மாப்ளே” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. “காலையில ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க.”

அப்போதே மாட்டுக்கு வைக்கோல் எடுத்துப் போட்டேன். “சரி மாமா. வெள்ளனத்துலயே வண்டியப் பூட்டிர்றேன்.”

“பொண்ணத்தான் கூட்டிட்டுப் போகச் சொன்னேன். வண்டி எனக்கு வேணும்.”

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கம்பத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு நடந்தோம். பிள்ளை என் தோளில். ஊர் எல்லையில், துணி மூட்டை கனக்கிறதா என்று அவளைக் கேட்டு நின்றேன்.

“எங்க ஐயா மனசு மாறுறதுக்குள்ள நடங்க” என்று சொல்லிவிட்டு, அவள் எனக்கு முன்னால் போனாள்.