அக்கா கேட்ட இருபது நிமிடம்

பிறந்த வீட்டுக் கோடிப்புடவையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாய்க்கால் கரையில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால், வீட்டில், அக்காவைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். தம்பி நான் கோடி போடாமல் தூக்க முடியாது. வாசலில் உறவினர் ஒருவர், “இவனா போடப்போறான்? பொடவையோட ஓடிடுவான், பாத்துக்கிட்டே இருங்க” என்றார். ஓடத்தான் செய்தேன்.

அக்கா பிறந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில். அம்மா போனபின், தன் பதினான்கு வயதிலிருந்து என்னை வளர்த்தார். வாழ்க்கைப்பட்டது திருவிடைமருதூரில். நான் ஒன்பதாவதோடு நின்று திருப்பூர், சூரத் என்று சுற்றினேன். யாராவது முகம் திருப்பினால் போதும், கைவிட்டுவிட்டார்கள் என்று உள்ளே எரியும். வேலையை உதறுவேன்; என்னையே காயப்படுத்திக்கொள்வேன்.

திமிர் என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். ஒருவர் தூங்க மட்டும் மாத்திரை கொடுத்தார். அக்கா விடவில்லை. நான்காவதாகப் பார்த்த தஞ்சாவூர் டாக்டரம்மாதான் பெயர் சொன்னார்: பார்டர்லைன் ஆளுமைக் கோளாறு. மாத்திரையைவிடப் பேச்சும் பயிற்சியும்தான் வைத்தியம், வியாழன்தோறும் வரவேண்டும் என்றார். அக்காவும் கூட உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

“போறதுன்னா போடா, நான் புடிக்கமாட்டேன். ஆனா இருபது நிமிஷம் கழிச்சுப் போ. மூஞ்சில தண்ணி அடிச்சுக்க.”

“அதுக்குள்ள பஸ் போயிடுமே?”

“அடுத்த பஸ்ஸு இல்லாத ஊரா இது?”

பிறகும் இரண்டு முறை ஓடினேன். திரும்பியபோது சோறு போட்டார். இரண்டு நாள் பேசவில்லை. சிறுநீரகம் கெட்டு அக்கா டயாலிசிஸில் கிடந்தபோதும், “வியாழக்கிழமை போனியா?” என்பதுதான் முதல் கேள்வி.

அன்று வாய்க்காலில் இறங்கி முகத்தில் தண்ணீர் அடித்தேன். செல்போனில் மணி பார்த்து உட்கார்ந்தேன். பதினொன்றாவது நிமிடம் எழுந்தேன். மறுபடி உட்கார்ந்தேன். இருபது ஆனதும் திரும்பி நடந்தேன்.

அத்தான் வாசலில் நின்றிருந்தார். “வந்துட்டியா? தேடப் போறேன்னாங்க. இருபது நிமிஷம் யாரும் போவக் கூடாதுன்னுட்டேன். உங்கக்கா சொல்லி வெச்சது” என்றார்.

கோடி போட்டேன்.

ஓராண்டாகச் சொல்லாத நன்றியை இங்கே சொல்கிறேன்: காத்திருந்த அத்தானுக்கு, டாக்டரம்மாவுக்கு, தோள் கொடுத்த எல்லோருக்கும். வாசலில் பேசியவரும் தோள் கொடுத்தார், அவருக்கும்.

அக்காவை எரித்த மறுநாள் காலை சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு, பக்கத்து அரிசி ஆலையில் போய் வேலை கேட்டேன். “வியாழக்கிழமை வரமுடியாதுங்க. தஞ்சாவூர்ல மனசுக்கு வைத்தியம் பாக்கறேன்” என்றேன். ஒரு முதலாளியிடம் இதைச் சொன்னது அதுவே முதல் முறை.

“மத்த நாள் ஏழு மணிக்கு வந்துடுவியா?”

“வந்துடுவேங்க.”

“அப்ப நிக்காத. நெல்லு ஊறுது பாரு, எறங்கு.”

தொட்டியில் இறங்கினேன்.