முழங்கால் உயர மண்டபம்

போன ஞாயிறு ஒரு பொம்மை ஊருக்குள் ராட்சசனாக நடந்தேன்.

லண்டனில் குரொய்டன் பக்கம் ஒரு பழைய கிடங்கு. உள்ளே சீனாவின் வரலாறு முழுவதும் முழங்கால் உயரத்தில் — பெருஞ்சுவர், அரண்மனை, கால்வாய், சந்தை. விரலளவு மனிதர்கள் ஆயிரக்கணக்கில். எல்லோருக்கும் முகம் உண்டு... ஒருவருக்கும் மூச்சில்லை. சந்தையே சத்தமில்லாமல் நின்றால், நமக்கும் குரல் தாழ்ந்துவிடாதா?

கூட வந்த சிவம் அண்ணைக்குத் தாழவில்லை. பக்கத்து மிட்சம் ஊரில் கடை வைத்திருப்பவர்.

"இந்த மதிலுக்கோ இவ்வளவு பேரும் புகழும்? என்ர கடையின்ர பின்மதில் இதைவிட உயரம், ஐசே."

அண்ணையின் தம்பி இலங்கை யுத்தத்தின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். வீட்டில் படத்துக்கு இன்னும் மாலை போடவில்லை. திவசமும் இல்லை. வெள்ளி தவறாமல் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை மட்டும். உயிரோடு இருப்பவனுக்குத்தானே அர்ச்சனை?

கிடங்கின் கோடியில் ஒரு குட்டி மண்டபம். பக்கத்தில் சீட்டும் பென்சிலும். பெயர் எழுதி வாசலுக்குள் போட்டால், சீட்டுக்கு ஒரு ஜன்னலாக விளக்கு எரிகிறது. அண்ணை யோசிக்கவேயில்லை. தம்பியின் பெயரும் நட்சத்திரமும் எழுதினார்: ரவீந்திரன், பூரட்டாதி. போட்டார். எரிந்தது.

"கோயில் எண்டா எல்லாம் கோயில்தானே."

அங்கே நின்ற சீனப் பெண் ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டாள்: "எப்போது இறந்தார்?"

அது மூதாதையர் மண்டபமாம். செத்தவர்களின் பெயர் மட்டுமே வைக்கும் இடம்.

அண்ணை முழங்காலில் விழுந்தார். அந்த வாசலுக்குள் அவருடைய இரண்டு விரல்தான் போயிற்று. "வாடா... வெளியில வாடா" என்று முணுமுணுத்தார். சீட்டையா, ஆளையா?

அந்தப் பெண் கூரையையே கழற்றிக் கொடுத்தாள். உள்ளே மடித்த சீட்டுகள், குவியலாக. யார் யார் வீட்டுச் செத்தவர்களையோ பிரித்து, வாசித்து, திரும்ப மடித்து... கடைசியில் தம்பியைக் கண்டெடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சீட்டை எடுத்த பிறகும் தம்பியின் ஜன்னல் எரிந்துகொண்டே இருந்தது.

"லைட்டை நிப்பாட்டச் சொல்லட்டோ, அண்ணை?"

அண்ணை ஜன்னலருகே குனிந்தார்.

"எரிஞ்சா அவன் செத்திட்டான் எண்டு அர்த்தம். நிப்பாட்டினா, நானே விளக்கை அணைச்ச மாதிரி. நீர் எழுதுற ஆள்தானே... சொல்லும் பாப்பம்."

காணாமல் போனவர்களின் வீட்டில் ஒரு சுவிட்சுக்குக்கூட இரண்டு பக்கமும் பயம்தான்.

ஐந்து மணிக்கு எல்லா விளக்கையும் நாங்களே அணைத்துவிடுவோம் என்றாள் அந்தப் பெண். நாலே முக்காலுக்கே அண்ணை டிராமுக்கு நேரமாகிவிட்டது என்று வெளியே நடந்தார்.

பத்து நிமிடத்துக்கு ஒரு டிராம் வருகிற ஊரில்!