இரண்டு பேர் சங்கத்தின் தலைவர்

எங்கள் கட்டடத்தின் உரிமையாளர் சங்கத்தில் மொத்தமே இரண்டு உறுப்பினர்கள். கீழ்வீட்டுக்காரன் நான், சீப்ரன் ஹோஃப்ஸ்ட்ரா. மேல்வீட்டில் அலைடா ப்ரூகிங்க். டெவென்டர் நகரச் சந்தையில் மீன்கடை வைத்திருக்கும் பெண்மணி. இரண்டே வீடு என்றாலும் எங்கள் நாட்டுச் சட்டத்துக்கு அது சங்கம்தான். கூரை, வெளிச்சுவர், அஸ்திவாரம் எல்லாம் பொது. வருடந்தோறும் கூட்டம் போட வேண்டும், ஒரு தலைவர் வேண்டும்.

மணமுறிவுக்குப் பின் இந்த வீட்டை வாங்கியபோது, பத்திரம் எழுதியவர் இதையெல்லாம் வாசித்துக் காட்டினார். தலைவர் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். ஆயுள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து பிரேக் போட்டவன். என்னோடு குடித்தனம் நடத்துவதும் அப்படித்தான் இருந்தது என்று என் மனைவி நீதிமன்றத்தில் சொன்னாள்.

முதல் கூட்டம் என் சமையலறையில் நடந்தது. அழைப்பை முறைப்படி அச்சடித்து, என் தபால் பெட்டியை ஒட்டினாற்போல் இருக்கும் அவருடைய பெட்டியில் போட்டிருந்தேன்.

"தலைவர் பதவிக்கு யாரெல்லாம் நிக்கிறாங்க?" என்று அலைடா கேட்டார்.

"நான்."

"வேற?"

"வேற யாரும் இல்ல."

அவர் காபிக் கோப்பையோடு கையைத் தூக்கினார். "தூக்கிட்டேன். இப்ப குடிக்கலாமா, தலைவரே?"

நவம்பர்ப் புயலில் கூரை ஓடுகள் பறந்தன. அலைடா மழைக்கோட்டோடு வந்து கதவைத் தட்டினார்.

"என் கட்டில் மேல ஒழுகுது. நாளைக்கே கூரைக்காரன வரச் சொல்லட்டுமா?"

"கூரை பொதுச் சொத்துங்க. கூட்டம் போட்டுத்தான் முடிவெடுக்கணும். ரெண்டு வாரம் முன்னாடியே அழைப்பு அனுப்பணும்."

"அந்த அழைப்புல ஒண்ண மழைக்கும் அனுப்பிருங்க. அதுவரைக்கும் வெளியவே நிக்கட்டும்."

விதிப் புத்தகத்தில் அந்தப் பிரிவுக்கு நான் அடிக்கோடுகூடப் போட்டிருந்தேன். ஆகவே அசையவில்லை. இரண்டு வாரம் கழித்துக் கூட்டம் கூடியது. கூரையை உடனே சரிசெய்ய வேண்டும் என்று அவர் வாக்களித்தார். இன்னும் இரண்டு கூரைக்காரர்களிடம் விலை கேட்போம் என்று நான் எதிர்த்து வாக்களித்தேன். ஒன்றுக்கு ஒன்று. எழுந்து நின்று, தீர்மானம் தோற்றது என்று அறிவித்தேன். உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம். அலைடா ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார்.

அந்த வாரமே என் படுக்கையறைச் சுவரில் ஈரம் இறங்கியது. மறுபடியும் விதிகளைப் பிரித்தேன். அடுத்த பக்கத்தில் தெளிவாக இருந்தது: அவசரப் பழுது என்றால் எந்த உரிமையாளரும் யாரையும் கேட்காமல் சரிசெய்யலாம். அடிக்கோடு போட்ட மகிழ்ச்சியில் நான் பக்கத்தைப் புரட்டவே இல்லை.

புத்தகத்தோடு மாடி ஏறினேன். கட்டில்மேல் கடைத் தார்ப்பாயை விரித்திருந்தார். தரையெங்கும் மீன்பெட்டிகள் வைத்து ஒழுகும் நீரைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் படுக்கை சமையலறை சோபாவுக்கு இடம் மாறியிருந்தது. படியேறும்போது தயாரித்த விளக்கத்தை விட்டுவிட்டு, பக்கத்தைத் திறந்து நீட்டினேன்.

படித்தார். காலியாக இருந்த ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"அப்ப நான் இத்தன நாள் நனைஞ்சது சட்டவிரோதமா?"

"நனைய வச்சது சட்டம் இல்லங்க. நான்தான்."

மறுநாள் கூரைக்காரர் வந்து மதியத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் தலைவரை நீக்கும் தீர்மானத்தை அலைடா கொண்டுவந்தார். நான் எதிர்த்தால் மறுபடி ஒன்றுக்கு ஒன்று, பதவி தப்பிவிடும். அந்தக் கணக்கு எனக்கு உடனே தெரிந்தது என்பதே வெட்கமாக இருந்தது. கையைத் தூக்கினேன். எங்கள் சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் முக்கியத் தீர்மானம் அதுதான்.

புதிய தலைவர் அலைடா கூட்டத்தை மேல்வீட்டுக்கு மாற்றினார். வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீனைத் தட்டில் வைத்தார்.

"ஏதாவது ஒழுகுதா?"

"இல்லங்க."

"அப்ப கூட்டம் முடிஞ்சுது. சாப்பிடு, சீப்ரன்."

'நீங்க'விலிருந்து 'நீ'க்கு எப்போது மாறினோம் என்று கூட்டக் குறிப்பில் எழுதலாமா எனக் கேட்டேன். முதலில் மீன் முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொன்னார்.