உடையாத கழுதை

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் ஸ்பானிஷ் வகுப்பு நடக்கிறது. படிக்க வருகிறவர்கள் எல்லோரும் தொழிற்சாலை ஆட்கள்; வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள்.

போன மார்கழியில் டீச்சர் பெண் கீழே வந்தாள். மெக்சிகோவில் கிறிஸ்துமஸ் சமயம் காகிதக் கழுதை செய்து, வயிற்றில் மிட்டாய் நிரப்பித் தொங்கவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பால் அடிப்பார்களாம். அதைச் செய்து காட்டும் நாளில், வகுப்புக்குப் பணம் தருகிற தொழிற்சாலை முதலாளி வருகிறாராம். அவருக்குப் பிடித்தால்தான் தை மாசமும் வகுப்பு நடக்கும்.

“உறியடி மாதிரிதானே?” என்றேன்.

“அதேதாம்மா. நீங்க செஞ்சு தரீங்களா?”

உறியடி எனக்குத் தெரியாதா? முதல் அடியிலேயே உடைந்தால் அது என்ன விளையாட்டு? முறம், கூடைக்குச் செய்வதுபோலவே பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து ஆட்டி, அட்டையில் கட்டிய கழுதைமேல் மூன்று பூச்சு பூசினேன். மேலே புளியங்கொட்டைப் பசை.

அன்றைக்கு முதலில் அடித்தவருக்குக் கம்பு திரும்பி வந்து நெற்றியில் பட்டது. இரண்டாமவர் கம்பையே உடைத்தார். மூன்றாவது ஆள் வெல்டர். சட்டையைக் கழற்றிவிட்டு இரும்புக் குழாயால் போட்டார். கழுதை ஒரு சுற்றுச் சுற்றி முதலாளியின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

“இது பண்டிகையா, சண்டையாம்மா?” என்றார் அவர் டீச்சரிடம்.

டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. “கொஞ்சம் லேசா செஞ்சிருக்கக் கூடாதாம்மா?”

“லேசா செய்ய எனக்குக் கை வராதும்மா.”

சொல்லிவிட்டேனே தவிர, மனசு கேட்கவில்லை. அவள் பிழைப்பல்லவா? “அடிச்சது போதும். அண்டாவுல வெந்நீர் கொண்டாங்க” என்றேன்.

கழுதையை முக்கினோம். ஒன்றரை மணி நேரம் பெரிய பெரிய ஆட்கள் அண்டாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு காது கழன்று மிதந்தது. சட்டென்று டீச்சர், “ஓரேஹா!” என்றாள். காதுக்கு அந்த ஊர்ப் பெயராம். எல்லோரும் திருப்பிக் கத்தினார்கள். பிறகு கால், வால். ஒவ்வொன்றாகக் கழலக் கழலப் பாடம் நடந்தது. வயிறு பிளந்தபோது முதலாளிதான் முதலில் கத்தினார். வெந்தய வாசனை ஏறிய மிட்டாய் இரண்டை உறை பிரித்து வாயிலும் போட்டுக்கொண்டார்.

“அடுத்த மாசமும் நடத்துங்க. கழுதை மட்டும் வேண்டாம்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெல்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். “அம்மா, வீட்டுக்கு ஒரு முறம் செஞ்சு தருவீங்களா?”

“சித்திரையில வாங்க” என்றேன். “இது மார்கழி வெயில். கழுதையே சரியா காயலை.”